உடையும் வீடும் சொல்லும் வரலாறு
கலை இயக்குநர் பி. கிருஷ்ணமூர்த்தியின் பணியும் நமக்கு அதில் உள்ள பாடமும்

பாரதியார் என்றதும் நம் எல்லோருடைய மனதிலும் எழும் உருவம் ஒன்றுதான்: வெள்ளைத் தலைப்பாகை, கறுப்புக் கோட்டு, முறுக்கிய மீசை, நெற்றியில் பொட்டு. தமிழ்த் தினப் போட்டியானாலும் வாணி விழாவானாலும் நம் பாடசாலை மேடையில் ஒரு பாரதி வந்தே தீர்வார். அந்தப் பாரதி எப்போதும் ஒரு மாணவிதான். கோட்டு யாரோ ஒருத்தியின் அப்பாவிடம் இரவல் வாங்கியது. தலைப்பாகை ஒரு வெள்ளைத் துவாய். மீசை கண்மையால் வரைந்தது. அந்த நான்கு அடையாளங்களும் சரியாக அமைந்துவிட்டால் சபை அவரைப் பாரதி என்று ஏற்றுக்கொள்ளும்.

அந்த உருவத்தை ஒரு முழு வாழ்க்கையாக விரித்துக் காட்டிய திரைப்படம் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘பாரதி’. ஞான ராஜசேகரன் இயக்கினார். மராத்தி நடிகரான சாயாஜி ஷிண்டே பாரதியாகவும் தேவயானி செல்லம்மாவாகவும் நடித்தார்கள். இளையராஜா இசையமைத்தார். அந்த ஆண்டுக்கான இந்தியத் தேசியத் திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாக அது தெரிவாயிற்று. அதே படத்துக்காக மேலும் இரண்டு தேசிய விருதுகள் ஒரே மனிதருக்குக் கிடைத்தன. ஒன்று கலை இயக்கத்துக்கு, மற்றது ஆடை வடிவமைப்புக்கு. அவர் பெயர் பி. கிருஷ்ணமூர்த்தி.

நடித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியும். பாடல்கள் மனப்பாடம். அந்தக் கோட்டு எப்படி இருக்க வேண்டும், அந்த வீட்டுத் திண்ணை எவ்வளவு உயரம், சமையலறையில் என்ன பாத்திரம் என்று தீர்மானித்தவரை நாம் விசாரித்ததில்லை. நூற்றாண்டு மலரில் ஒரு சினிமாக் கலைஞரைப் பற்றி எதற்கு என்று சிலர் கேட்கலாம். துணியிலும் தூணிலும் இருந்து ஒரு காலத்தை மீட்டெடுக்கும் வேலையை அவர் வாழ்நாள் முழுவதும் செய்தார். மலைநாட்டில் பிறந்த நமக்கும் அதே வேலை காத்திருக்கிறது. அதனால்தான் அவரைப் பற்றி எழுதுகிறேன்.

கடல் கொண்ட ஊரிலிருந்து

கிருஷ்ணமூர்த்தி 1943இல் பூம்புகாரில் பிறந்தவர். சிலப்பதிகாரம் படித்த நமக்கு அந்த ஊர் புதிதல்ல. மாட மாளிகைகளும் மருவூர்ப்பாக்கமும் பட்டினப்பாக்கமும் பாட்டில் இருக்கின்றன. நேரில் போய்ப் பார்த்தால் கடலும் மணலும்தான். இருந்ததென்று எல்லோரும் சொல்லும், ஆனால் கண்ணில் காட்ட எதுவும் மிஞ்சாத ஓர் ஊரில் பிறந்த பிள்ளை, பின்னாளில் இல்லாமற்போன அரண்மனைகளையும் தெருக்களையும் திரையில் எழுப்பும் தொழிலுக்கு வந்தது பொருத்தமாகவே தோன்றுகிறது.

சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று ஓவியராகத்தான் அவர் வெளியே வந்தார். சினிமாவுக்குள் அவருக்குக் கதவு திறந்தது தமிழில் அல்ல, கன்னடத்தில். 1975இல் ஜி.வி. ஐயர் இயக்கிய ‘ஹம்சகீதே’ ஒரு சங்கீத வித்துவானின் கதை. அதில் தொடங்கிய உறவு நீண்டது. ஐயர் 1983இல் எடுத்த ‘ஆதி சங்கராச்சாரியா’ முழுவதும் சமஸ்கிருதத்தில் அமைந்த முதல் இந்தியத் திரைப்படம். அடுத்து வந்தது ‘மத்வாச்சாரியா’. 1986ஆம் ஆண்டுப் படங்களுக்கான தேசிய விருதுகளில், அந்தப் படத்தின் கலை இயக்கத்துக்காகக் கிருஷ்ணமூர்த்தி தம் முதல் தேசிய விருதைப் பெற்றார்.

இந்தப் படங்களின் நாயகர்கள் துறவிகள். துறவிக்கு என்ன ஆடை வடிவமைப்பு என்று நமக்குத் தோன்றும். உண்மையில் அதுதான் கடினம். ராஜாவுக்குப் பட்டும் மணியும் போட்டு நிரப்பிவிடலாம். ஒரு காவித் துண்டும் ஒரு கமண்டலமும் மட்டும் இருக்கும் இடத்தில் எதையும் மறைக்க முடியாது. அந்தத் துண்டின் நிறம் கடையில் நேற்று வாங்கியதுபோல் இருந்தால் பார்ப்பவரின் நம்பிக்கை அங்கேயே கலைந்துவிடும்.

ஒரே கை, இரண்டு வேலை

பொதுவாகத் திரைப்படத்தில் கலை இயக்குநர் வேறு, ஆடை வடிவமைப்பாளர் வேறு. கலை இயக்குநர் கதையைப் படித்து, எந்தக் காட்சி எந்த இடத்தில் நடக்கிறது என்று பிரித்தெழுதி, ஓவியமாக வரைந்து, அளவெடுத்து, தச்சரையும் வர்ணம் பூசுபவரையும் வைத்து இடத்தைக் கட்டுகிறார். ஆடை வடிவமைப்பாளர் ஒவ்வொரு பாத்திரமும் எந்தக் காட்சியில் எதை உடுத்துகிறது, அது புதிதா பழையதா, முந்திய காட்சியில் கிழிந்த இடம் இந்தக் காட்சியிலும் கிழிந்திருக்கிறதா என்று கணக்கு வைக்கிறார். கிருஷ்ணமூர்த்தி பல படங்களில் இரண்டையும் தாமே செய்தார். சுவரின் நிறமும் சேலையின் நிறமும் ஒரே மனதில் பிறந்ததால் அந்தப் படங்களில் மனிதர்கள் அந்தந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்போல் தெரிகிறார்கள்.

தேயிலைத் தோட்டத்தார் அறிந்து மகிழ வேண்டிய ஒரு தொழில் இரகசியமும் இதில் உண்டு. புது வெள்ளைத் துணி கமெராவில் கண்ணைக் கூசும். பழங்காலத்துத் துணியாகவும் தெரியாது. ஆகவே அதைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து, வெண்மையை மங்க வைத்து எடுப்பது உலகெங்கும் நாடக, சினிமா உடைக்காரர்களின் பழைய வழக்கம். பிறகு கழுத்துப் பட்டியையும் கைமடிப்பையும் தேய்த்து நைந்துபோக வைப்பார்கள். வியர்வை படும் இடம், சுமை அழுத்தும் இடம், உட்கார்ந்து எழும் இடம் என்று பார்த்துப் பழசாக்குவார்கள். நம் மக்கள் பறித்த கொழுந்தின் சாயம் இப்படி எத்தனை நாட்டு ராஜா ராணிகளின் உடையில் ஏறியிருக்கிறதோ!

கன்னடத்திலிருந்து அவர் மலையாளத்துக்குப் போனார். திருவிதாங்கூர் மன்னரும் சாகித்தியகர்த்தாவுமான சுவாதித் திருநாளின் வாழ்க்கையை லெனின் ராஜேந்திரன் ‘சுவாதித் திருநாள்’ என்று படமாக்கியபோது கலை இயக்குநர் இவரே. பரதன் இயக்கிய ‘வைசாலி’ 1988இல் வந்தது. மழை பொய்த்த நாட்டுக்கு ரிஷ்யசிருங்கரை அழைத்துவரும் மகாபாரதக் கிளைக்கதை அது. எந்த நூற்றாண்டு என்றே சொல்ல முடியாத ஓர் உலகம். அதற்கு வீடும் உடையும் அமைக்க வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு வந்தது ‘ஒரு வடக்கன் வீரகதா’. எழுதியவர் எம்.டி. வாசுதேவன் நாயர், இயக்கியவர் ஹரிஹரன். வட மலபாரின் வடக்கன் பாட்டுகளில் துரோகி என்று பெயர் வாங்கிய சந்துவை, அவன் பக்கம் நின்று பார்த்த கதை. மம்முட்டி சந்துவாக நடித்தார். வடக்கன் பாட்டுக் கதைகள் அதற்கு முன்பும் மலையாளத்தில் பல முறை படமாகியிருந்தன. அவற்றில் மேடை நாடகத்தின் பளபளப்பு அதிகம். சந்துவின் கதை ஒரு மனிதனின் துயரம். பளபளப்பு அதற்கு ஒத்துவராது. களரியின் மண்தரை, எண்ணெய் விளக்கின் வெளிச்சம், கச்சையும் கச்சும், தோலும் இரும்பும் என்று நம்பத்தக்க ஓர் உலகத்தைக் கிருஷ்ணமூர்த்தி அமைத்தார். அந்த ஆண்டின் தேசிய விருதுகளில் கலை இயக்கம், ஆடை வடிவமைப்பு இரண்டும் அவருக்கே கிடைத்தன.

‘மத்வாச்சாரியா’வுக்கு ஒன்று, ‘வடக்கன் வீரகதா’வுக்கு இரண்டு, ‘பாரதி’க்கு இரண்டு: ஆக ஐந்து தேசிய விருதுகள். கன்னடம், மலையாளம், தமிழ் என்று மூன்று மொழிகளில்.

பாரதியின் கோட்டு

மூன்றில் ‘பாரதி’யே நமக்கு மிக நெருக்கமானது. பாரதியின் புகைப்படங்களாக நமக்குக் கிடைத்திருப்பவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். வாழ்ந்ததோ 39 ஆண்டுகூட நிறையாத வாழ்க்கை. 1882இல் எட்டயபுரத்தில் பிறப்பு, அங்கே ஜமீன் சபை, பிறகு காசி, மறுபடி எட்டயபுரம், மதுரையில் சில மாதம் ஆசிரியர், 1904 முதல் சென்னையில் பத்திரிகை, 1908 முதல் பத்தாண்டு புதுச்சேரி, கடைசியில் திருவல்லிக்கேணி. ஊர் மாறும்போதெல்லாம் வீடு மாறுகிறது, தெரு மாறுகிறது, உடையும் மாறுகிறது.

அந்த உடை மாற்றத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது. காசிக்குப் போன பிராமணப் பிள்ளை குடுமியை எடுத்தான், மீசை வைத்தான், தலைப்பாகை கட்டினான். வீட்டுப் பெரியவர்களுக்கு அது பெருங்குற்றம். ஜாதி இல்லை என்று அவர் பாட்டில் சொல்வதற்கு முன்பே உடம்பில் சொல்லிவிட்டார். அதேபோல் அந்தக் கறுப்புக் கோட்டு. கையில் காசில்லாத நாளிலும் அதை அவர் விடவில்லை. ஒரே கோட்டு காசியில் மிடுக்காகவும், புதுச்சேரியில் பழசாகவும், திருவல்லிக்கேணியில் வறுமையாகவும் பொருள் தருகிறது. வசனம் ஒன்றும் இல்லாமல் ஒரு துணி அந்த வாழ்க்கையைச் சொல்லிவிடுகிறது. ஆடை வடிவமைப்பு என்பது அழகு பார்க்கும் வேலை அல்ல, வரலாறு எழுதும் வேலை என்று நான் சொல்வது இதனால்தான்.

பின்னாளில் அதே ஞான ராஜசேகரன் 2014இல் ‘ராமானுஜன்’ எடுத்தபோதும் கிருஷ்ணமூர்த்தியையே அழைத்தார். இடையில் 2006இல் வடிவேலு நடித்த ‘இம்சை அரசன் 23ஆம் புலிகேசி’க்கும் அவர்தான் கலை இயக்குநர். அரண்மனையை மெய்யாகக் கட்டத் தெரிந்தவருக்குத்தான் அதைக் கேலியாகவும் கட்டத் தெரியும். நாம் சிரித்துக்கொண்டே பார்த்த அந்தக் கொலுமண்டபத்தின் பின்னால் நாற்பது ஆண்டுகால ஓவியக் கை இருந்தது.

அவர் 2020 டிசெம்பரில் சென்னையில் காலமானார். வயது 77.

திருப்பிக் கொடுத்த விருது

அதே 2020இல், அவருக்கு இரண்டு மாதம் முன்பு, ஒக்டோபர் 15ஆம் திகதி மும்பாயில் பானு அத்தையா காலமானார். இந்தியாவின் முதல் ஒஸ்கார் விருது இந்தப் பெண்ணுடையது. 1929இல் கோலாப்பூரில் பிறந்து, மும்பாய் ஜே.ஜே. கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்று, பெண்கள் பத்திரிகைகளுக்கு உடைப்படம் வரைந்து, அங்கிருந்து சினிமாவுக்கு வந்தவர். நம்மூர்ப் பெரியவர்கள் நன்கறிந்த வைஜயந்திமாலா 1966இல் ‘ஆம்ரபாலி’யில் நடித்தபோது, அஜந்தா ஓவியங்களைப் பார்த்துப் பார்த்து அவருக்கு உடை அமைத்தவர் இவர்தான்.

ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’ படத்துக்காக 1983இல், ஆங்கிலேயரான ஜோன் மோலோவுடன் சேர்ந்து பானுவுக்கு ஒஸ்கார் கிடைத்தது. பாரிஸ்டர் உடையில் தொடங்கி முழங்கால் வரையுள்ள துண்டில் முடிகிற ஒரு வாழ்க்கைக்கு அவர் உடை அமைத்தார். அந்தத் துண்டுக்கும் நமக்கும் தொடர்பு உண்டு. ஏழைக் குடியானவரின் உடையே தம் உடை என்று காந்தி முடிவு செய்தது 1921 செப்டெம்பர் 22ஆம் திகதி, மதுரையில். பாரதி மறைந்து இரண்டு வாரமும் ஆகியிருக்கவில்லை. ஆறு ஆண்டுக்குப் பின், 1927 நவம்பரில், கதர் நிதி திரட்ட இலங்கை வந்த காந்தி பதுளைக்கும் வந்து பேசினார். தோட்டங்களிலிருந்து அவரைப் பார்க்கப் போன நம் முன்னோர்கள் கண்டது அந்தத் துண்டைத்தான்.

ஒஸ்கார் விருதுகள் 1929இல் தொடங்கியபோதே கலை இயக்கத்துக்கு விருது இருந்தது. ஆடை வடிவமைப்புக்கு விருது வந்தது 1949இல்தான். இருபது ஆண்டு இடைவெளி. கட்டடம் கட்டுவது தொழில், துணி தைப்பது வீட்டு வேலை என்ற எண்ணம் அமெரிக்காவிலும் இருந்திருக்கிறது. நம் பாடசாலைகளில் தையல் பாடத்தை இரண்டாம் இடத்தில் வைத்த எண்ணமும் அதுவே.

பானுவின் வாழ்க்கையில் என்னை மிகவும் தொட்டது அவர் விருதைப் பெற்றது அல்ல, திருப்பிக் கொடுத்தது. 2012இல், நோயுற்ற முதுமையில், தமக்குப் பிறகு அந்தச் சிலை பத்திரமாக இருக்குமா என்று கவலைப்பட்டு, அதை அமெரிக்காவிலுள்ள ஒஸ்கார் அகடமியிடமே ஒப்படைத்தார். தாகூரின் நோபல் பதக்கம் சாந்திநிகேதனில் களவு போனது அவர் மனதில் இருந்தது. வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் காலத்தைப் பாதுகாத்த ஒரு பெண்ணுக்குத் தன் சொந்த நினைவைப் பாதுகாக்க நாட்டில் ஓர் அலுமாரி இருக்கும் என்ற நம்பிக்கை இல்லை.

நம்முடைய அலுமாரி

இனி நம் மலைக்கு வருவோம். கிருஷ்ணமூர்த்தியைப் போன்ற ஒருவர் நாளை 1930களின் பூனாகலையைப் படமாக்க வந்தால், அவருக்கு எதைக் காட்டுவோம்?

தோட்டத்துப் பெண்களின் பழைய படங்கள் இருக்கின்றன. கொழும்பிலும் கண்டியிலும் இருந்த ஸ்கீன், பிளாட்டே போன்ற புகைப்பட நிறுவனங்கள் எடுத்துத் தபாலட்டையாக விற்றவை. அவற்றில் கொழுந்து பறிக்கும் பெண் மூக்குத்தி, காதணி, வளையல், கழுத்தணி எல்லாம் போட்டு, கூடையோடு அசையாமல் நிற்கிறாள். கீழே தமிழ்க் கொழுந்துக்காரி என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அவள் பெயர் இருக்காது. மழையில் போட்ட கறுப்புக் கம்பளி, இடுப்பில் கட்டிய படங்கு, அட்டைக்கடிக்குக் காலில் தேய்த்த சவர்க்காரம், இவை எதுவும் அந்தப் படத்தில் இல்லை. அது விற்பனைக்காக நிறுத்தி எடுத்த படம்.

திரையும் நம்மைத் தொட்டிருக்கிறது. ஆனைமலைத் தோட்டங்களில் வைத்தியராகப் பணியாற்றிய பி.எச். டானியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவல், தமிழில் ‘எரியும் பனிக்காடு’ என்று வந்தது. அதைத் தழுவியே பாலா ‘பரதேசி’யை எடுத்தார். அந்தப் படத்தின் ஆடை வடிவமைப்புக்காகப் பூர்ணிமா ராமசாமிக்கு 2012ஆம் ஆண்டுக்கான தேசிய விருது கிடைத்தது. கங்காணியின் பேச்சை நம்பித் தேயிலைக் காட்டுக்கு நடந்த மக்களின் கந்தல், நாட்டின் மிகச் சிறந்த உடை வேலை என்று தீர்மானிக்கப்பட்டது. ஒரு வைத்தியர் தன் நோயாளிகளைக் கவனித்து எழுதியதில் தொடங்கிய காரியம் அது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

வைத்தியரின் கண்ணுக்கும் உடை வடிவமைப்பாளரின் கண்ணுக்கும் அதிக தூரம் இல்லை. வயதான கொழுந்துக்கார அம்மாவைப் பரிசோதிக்கும்போது, கூடைக் கயிறு அழுத்திய இடத்தில் உச்சிமுடி மெலிந்திருப்பதைப் பார்க்கிறேன். தலைத்துண்டை ஏன் நாலாக மடித்து வைத்தார்கள் என்பது அந்த இடத்தைத் தொட்டால் விளங்கும். துண்டின் மடிப்பு தலையின் வலிக்கு எழுதிய மருந்து. அதை அறியாமல் உடை அமைத்தால் தபாலட்டைதான் மறுபடி வரும்.

நமக்குச் சொந்தமான ஆடைக் கலையும் உண்டு. மாசி மாதம் காமன் கூத்து ஆடிய தோட்டங்களில் ரதிக்கும் மன்மதனுக்கும் முடியும் புஜமும் செய்தவர்கள் யார்? மட்டையும் ஜிகினாத் தாளும் கண்ணாடித் துண்டும் வைத்து, பகலில் மலையேறி உழைத்துவிட்டு, இரவில் லயத்து இஸ்தோப்பில் அரிக்கன் விளக்கடியில் உட்கார்ந்து செய்தவர்கள். அவர்கள் பெயரை எங்காவது எழுதி வைத்தோமா?

1823இலிருந்து கணக்கிட்டு மலையகம் 200 என்று நினைவுகூர்ந்தோம். இருநூறு ஆண்டில் நம் மக்கள் பலமுறை பெட்டி கட்டினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1964இன் ஒப்பந்தத்துக்குப் பிறகு, கலவரங்களுக்குப் பிறகு. ஒவ்வொரு முறையும் எதை எடுப்பது, எதை விடுவது என்ற கேள்வி. பழைய துணி விடப்படும் பக்கத்திலேயே இருந்தது. மண்ணும் தன் பங்குக்கு எடுத்தது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, நமக்குப் பக்கத்தில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது உயிர்களோடு கலியாணச் சேலைகளும் சட்டமிட்ட படங்களும் மண்ணுக்குள் போயின. பூம்புகாரைக் கடல் கொண்டது. நம் ஊர்களை மண் கொள்கிறது. பூம்புகாருக்குச் சிலப்பதிகாரம் இருந்தது.

கம்பளைக்கு அருகே தேயிலைத் தோட்டத் தொழிலாளருக்கென்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. போகாதவர்கள் பிள்ளைகளோடு போய்ப் பாருங்கள். ஆனால் ஊவாவின் நினைவு ஊவாவிலும் இருக்க வேண்டும். கொழும்பிலும் நீலகிரியிலும் லண்டனிலும் டொரொன்டோவிலும் இருந்து இந்த மலரைப் படிக்கும் தோழியருக்கு என் வேண்டுகோள் மிகச் சிறியது. அம்மாவின், அம்மாச்சியின் தகரப் பெட்டியைத் திறந்து பாருங்கள். பழைய படம் இருந்தால் பின்புறத்தில் பென்சிலால் பெயர், தோட்டம், டிவிஷன், ஏறத்தாழ எந்த ஆண்டு என்று எழுதுங்கள். கம்பளியோ படங்கோ தையல் வகுப்பில் பூப்போட்ட தலையணை உறையோ இருந்தால் துவைத்து இஸ்திரி போட்டுப் புதிதாக்காதீர்கள். கறையும் கிழிசலும் ஒட்டும் அப்படியே இருக்கட்டும்; அவைதான் சாட்சி. யார் உடுத்தியது, யார் தைத்தது என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள்.

நம் சங்கம் அடுத்த நூற்றாண்டில் செய்யும் முதல் காரியமாகப் பாடசாலையில் ஒரு கண்ணாடி அலுமாரி வைக்கட்டும். பெரிய செலவில்லை. ஈரம் ஏறாத ஒரு மூலையும், பூட்டும், ஒரு பதிவுக் கொப்பியும் போதும். கொப்பியின் முதல் பக்கத்தில் ஒரு கொழுந்துக்காரியின் பெயர் இருக்கட்டும்.